பல்லிப் பெட்டியும் நீலத் தோசையும்

வளையூரில் விடியல் மணி அடித்ததும் எல்லாரும் செய்கிற முதல் வேலை, நேற்றைய கழிவைச் சுவரிலிருக்கும் ஒரு வாயில் கொட்டிவிட்டு, பக்கத்து வாயிலிருந்து இன்றைய மாவை வாங்கிக்கொள்வதுதான். இரண்டு வாய்க்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. கொட்டுகிற வாய்க்கு விழுங்கி என்று பெயர். மாவு வருகிற வாய்க்கு வழங்கி. விழுங்கியில் போனது தொட்டியில் ஊறிக் கூழாகும், கூழைப் பாச்சைப் பூச்சிகள் தின்னும், கொழுத்த பாச்சைகளை வறுத்து இயந்திரம் மாவாக்கும். நிலாவின் மண்ணில் புல்கூட முளைக்காது. பாச்சை எங்கும் முளைக்கும். அதன் மாவில் தோசை நன்றாக முறுகவும் செய்யும்.

ஊர் ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி, பாறைக்குள் குடைந்து, வளையல் மாதிரிக் கட்டப்பட்டது. நாலு சந்துகள். சந்துக்கு ஒரு தொட்டி. அந்தந்தச் சந்தின் கழிவு அந்தந்தச் சந்துக்கே என்பது ஊரைக் கட்டியவர்கள் போட்ட விதி. முதல் சந்திலிருந்து இரண்டாவதுக்குக் கதவு உண்டு, இரண்டிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து நாலுக்கும் உண்டு. நாலாவதுக்கும் முதலாவதுக்கும் நடுவில் மட்டும் கதவு வைக்காமல் வெறும் சுவராக விட்டுவிட்டார்கள். அதனால் ஊர் வளையமாக இருப்பது வரைபடத்தில் இருந்ததே ஒழிய யார் நினைப்பிலும் இல்லை. ஒன்றில் தொடங்கி நாலில் முடிகிற ஊர் என்றே எல்லாரும் பேசினார்கள்.

அந்த வெறும் சுவரை ஒட்டி, முதல் சந்தில் இருந்தது மூக்கையாவின் வீடு.

மூக்கையா ஊரைக் குடைந்த காலத்தில் குழாய் மாட்ட வந்தவர். பள்ளிக்கூடம் போனது கொஞ்சம், அதில் கவனித்தது இன்னும் கொஞ்சம். இப்போது வேலை இல்லை, தூக்கமும் சரியாக இல்லை, யார் மேலும் நம்பிக்கை இல்லை. சந்துக்குழு அறிவிப்பை நம்பமாட்டார். வாசலில் நிற்கிற துப்புரவியை நம்பமாட்டார். அது வீடு வீடாகப் பெருக்குகிற இயந்திரம். அதை உள்ளே விடாமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி வைத்திருந்தார். எல்லாவற்றையும்விட, கதவுக்கு மேலே மாட்டியிருந்த மூச்சுமானியை நம்பமாட்டார். காற்று சரியாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். ஒருமுறை அந்தப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டார் வரிசையாக மயங்கி விழுந்தார்கள். மூக்கையா மட்டும் தப்பினார். அவர் வீட்டுப் பல்லி கூரையிலிருந்து இறங்கித் தரையில் வாயைப் பிளந்துகொண்டு படுத்ததைப் பார்த்து, ஏதோ சரியில்லை என்று வெளியே ஓடிவந்ததால் தப்பினார்.

அந்தப் பல்லிக்குப் பெயர் சொக்கி. பூமியிலிருந்து வந்த தென்னைநார்க் கட்டு ஒன்றில் முட்டையாக வந்தது. அவர் தப்பிய நாளிலிருந்து அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். மூச்சுமானியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, சொக்கியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். ஏதாவது சொன்னால் அது ‘ச்ச்ச்’ என்று கொட்டுகிறதா என்று காத்திருப்பார். கொட்டினால் சொன்னது உண்மை. மற்றபடி மனிதர்கள் சொல்வதற்கு அவரிடம் மதிப்பில்லை.

சொக்கி இளைக்கத் தொடங்கியது. தடித்திருந்த வால் திரி மாதிரி ஆனது. பாச்சையைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூக்கையா பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் விலங்கு மருத்துவரைக் கூப்பிட்டார்.

மருத்துவரம்மா ஜெய்தூன் வந்து எச்சத்தில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தார்.

“குடற்புள்ளிங்க ஐயா. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. குடல்ல உக்காந்து சத்தை எல்லாம் உறிஞ்சும்.”

“மருந்து இருக்கா?”

“இருக்கு. ஆனா மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதி பெட்டியைச் சுத்தமா வைக்கிறதுல இருக்கு. இது முட்டையா எச்சத்துல வெளிய வரும். அந்த எச்சத்தை மிதிச்ச பாச்சையைப் பல்லி தின்னா மறுபடி உள்ள போயிடும். வெளிய போறதை உள்ள வர விடாம பாத்துக்கணும், அவ்வளவுதான்.”

“பினாயில் ஊத்துறேன்.”

“அதுல அது நீச்சல் அடிக்கும். சூடு ஒண்ணுக்குத்தான் சாகும். பெட்டியில இருக்கிற மண்ணு, மட்டை எல்லாம் வெளிய எடுத்துடுங்க. வெறும் தாள் விரிங்க. எச்சம் விழுந்தா அப்பவே எடுங்க. தண்ணிக் கிண்ணத்தைத் தினம் கொதிக்க வையுங்க. பாச்சையை இடுக்கியால பிடிச்சு ஊட்டுங்க, உள்ள ஓட விடாதீங்க. எடுத்த தாளையும் எச்சத்தையும் உங்க சூட்டுப்பெட்டியில வச்சு எரிச்சிடணும்.”

“எரிக்கணுமா?”

“கண்டிப்பா.”

மறுநாள் மருந்து கொடுக்க வந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். சந்துக்குழுவுக்குத் தகவல் கொடுத்தாயிற்று. குழுவில் எல்லாரும் பயந்திருக்கிறார்கள். இன்று பல்லிக்கு வந்தது நாளைக்கு மனிதனுக்கு வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. மூன்றாவது சோதனையிலும் புள்ளி தெரிந்தால் பல்லியையும் பெட்டியையும் சேர்த்துச் சூளையில் போட்டுவிட வேண்டும் என்று முடிவு.

“அது செத்தா நான் எதைப் பாத்து மூச்சு விடுறது?” என்றார் மூக்கையா.

“மூச்சுமானி இருக்கே.”

மூக்கையா துணி மூடிய மூச்சுமானியை நிமிர்ந்து பார்த்தார். அந்தம்மா மேல் இருந்த கொஞ்ச மதிப்பும் அப்போது போயிற்று.

ஆனாலும் சொன்னதைச் செய்தார். பெட்டியைக் காலி பண்ணினார். பாச்சைத் தோலில் செய்த தாளை விரித்தார். சொக்கி வாலைத் தூக்கினாலே எழுந்து நின்றார். எச்சம் விழுந்த கையோடு தாளை மாற்றினார். கண்ணாடிக்கு நீராவி காட்டினார், கிண்ணத்தைக் கொதிக்க வைத்தார், தொட்டியிலிருந்து உயிரோடு வாங்கி வந்த பாச்சையை இடுக்கியால் கழுத்தில் பிடித்து நீட்டினார். கல்யாணம் பண்ணியிருந்த காலத்தில்கூட வீட்டை அவர் இவ்வளவு சுத்தமாக வைத்ததில்லை.

எரிப்பதை மட்டும் செய்யவில்லை.

வளையூரில் வீட்டுக்கு இவ்வளவு என்று சூட்டை அளந்துதான் விடுவார்கள். தாளையும் எச்சத்தையும் எரித்தால் அன்றைக்குக் குளிக்கிற தண்ணீர் பனியாக இருக்கும். ஒரு பல்லி பேண்டதற்காக மனிதன் நடுங்கிக்கொண்டு குளிக்க வேண்டுமா? விழுங்கி எதற்கு இருக்கிறது? சுருட்டி அதில் தள்ளினார்.

அவர் துணிந்து தள்ளியதற்குக் காரணம் இருந்தது. குழாய் மாட்டின காலத்திலேயே, தன் சந்தின் கசடைத் தன் சந்தே தின்ன வேண்டும் என்ற விதி அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் யாரும் இல்லாத நேரத்தில், முதல் சந்துத் தொட்டியின் அடியிலிருந்து சுவரைத் துளைத்து இரண்டாம் சந்துத் தொட்டிக்கு ஒரு குழாயைச் செருகிவிட்டார். அன்றுமுதல் தெளிந்த கூழ் இங்கே நின்றது, அடிக்கசடு அங்கே போயிற்று. தாளும் எச்சமும் கசடோடு கசடாக அந்தப் பக்கம் போய்விடும். அதை அவர் தப்பு என்று நினைத்ததே இல்லை. அங்கே இருப்பவர்கள் யாரோ.

இரண்டாவது சோதனையில் புள்ளிகள் முன்பைவிட அதிகமாக இருந்தன.

மூக்கையா நேரே வாசலுக்குப் போய்த் துப்புரவியின் முதுகைத் தட்டினார்.

“நீதான கொண்டாந்து போட்ட?”

“தாங்கள் தடை விதித்த நாள் முதல் நான் இவ்வீட்டிற்குள் நுழையவில்லை,” என்றது துப்புரவி. “என் நிலை, வாசல்.”

“வாசல்ல நின்னு என்னத்தப் பாக்குற?”

“சுவரை.”

அவர் அதை நம்பவில்லை. முகத்தில் ஒரு சாக்கையும் மாட்டிவிட்டு உள்ளே வந்தார்.

ஜெய்தூன் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு குறையும் கண்ணில் படவில்லை. கடைசியில் மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

“இதுல நீலச் சாயம் கலந்திருக்கேன். எச்சம் நீலமா விழும். ஒரு பொட்டுகூட உங்க கண்ணுக்குத் தப்பாது.”

“என் கண்ணு அவிஞ்சு போச்சுங்கிறீங்களா?”

“அப்படிச் சொல்லலை ஐயா. எங்கயோ ஒண்ணு தப்புது. அடுத்த சோதனைதான் கடைசி.” புறப்பட்டவர் திரும்பினார். “எரிக்கிறீங்கல்ல?”

“பின்னே?” என்றார் மூக்கையா.

சொக்கி கொட்டவில்லை. அதை அவர் கவனிக்கவில்லை.

நீல எச்சம் விழுந்தது. எடுக்க எளிதாகத்தான் இருந்தது. எடுத்து, சுருட்டி, விழுங்கியில் தள்ளினார். சில நாள் கழித்து இரண்டாம் சந்துக் கதவருகே ஞானாபரணம் அவரை நிறுத்தினார். இரண்டாம் சந்துத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

“வே மூக்கையா, ஒம்ம சந்துல தோசை என்ன நெறம்வே?”

“தோசை தோசை நெறத்துலதான் இருக்கு. ஏன்?”

“எங்களுக்கு நீலமால்லா வருது. புள்ளைய எல்லாம் நாக்க நீட்டிக் காட்டிக்கிட்டு அலையுது. எம் பொண்டாட்டி நான்தான் தொட்டில எதையோ போட்டுட்டேன்னு மூணு நாளா பேச மாட்டேங்கா.”

“நல்லதுதான? நிம்மதியா இருக்கலாம்ல.”

“கேலி பண்ணாதேயும். குழுவுல கேட்டேன். சத்துப் பொடி கலந்திருக்காம். நீலம் கண்ணுக்கு நல்லதாம்.”

“அப்பத் தின்னுட்டுப் பேசாம இருய்யா,” என்றார் மூக்கையா. வீடு வந்து சேரும்வரை அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மாவை வறுத்து அரைக்கிறார்கள், புள்ளியெல்லாம் செத்துவிடும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. சாயம் மட்டும் தங்கியிருக்கிறது. தன் குழாய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒழுகாமல் வேலை செய்கிறது என்ற பெருமையும் அவருக்கு இருந்தது.

அந்தப் பெருமை அடுத்த வாரம் தோசைக்கல்லில் வெந்தது. ஊற்றியது வெளுப்பாக இருந்த மாதிரிதான் தெரிந்தது. திருப்பிப் போட்டார். நீலம்.

மூக்கையா தோசையைப் பார்த்தார். பிறகு சொக்கிக்காக வாங்கி வைத்திருந்த உயிர்ப்பாச்சை ஒன்றை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதன் வயிறு நீலமாக இருந்தது. சொக்கி கண்ணாடிக்குப் பின்னால் வாயைத் திறந்து காத்திருந்தது. அந்த வாய்க்குள் இத்தனை நாளும் எதை ஊட்டினோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மாவுதான் வறுபட்டது. சொக்கி தின்ற பாச்சை வறுபடவில்லை. ஆனால் அந்தப் பக்கம் போன கசடு இந்தப் பக்கம் எப்படி வந்தது?

குழாய்ச் சாவியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு இரண்டு சந்துக்கும் நடுச்சுவருக்குப் போனார். தரைத் தகட்டைத் தூக்கினார். தன்னுடைய குழாய் போட்ட இடத்தில் இருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே இன்னொரு குழாய் இருந்தது. அது எதிர்ப்பக்கமாகச் சரிந்திருந்தது. இரண்டாம் சந்துத் தொட்டியின் அடியிலிருந்து புறப்பட்டு முதல் சந்துத் தொட்டிக்குள் வாயை வைத்திருந்தது. மூட்டுகள் வெகு சுத்தம். தன்னுடையதைவிட நல்ல வேலை என்பதுதான் அவருக்கு முதலில் எரிச்சலாக இருந்தது.

ஞானாபரணத்தைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார்.

“என்னய்யா இது?”

ஞானாபரணம் குனிந்து பார்த்தார். மேல் குழாயை அவர் பார்க்கவே இல்லை. “கீழ ஒண்ணு போகுதே, அது என்னது?”

“அத விடு. மேல இருக்கிறதச் சொல்லு.”

“மேல இருக்கது எம்புட்டு நாளா இருக்குன்னு எனக்குத் தெரியும். கீழ இருக்கது ஆரு வேலைன்னுல்லா கேக்கேன்.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே போனது கீழே வருகிறது. கீழே வந்தது மேலே போகிறது. இரண்டு சந்தும் இத்தனை வருஷமாக ஒரே கசடைத்தான் கைமாற்றிக் கைமாற்றித் தின்றிருக்கின்றன.

“யோவ், என் பல்லியச் சூளையில போடப் போறாங்கய்யா. அடுத்த சோதனையில தெரிஞ்சா போச்சு. உன் குழாய அடை.”

“ஒம்மத மொதல்ல அடையும்.”

“நான் அடைச்சா எங்க கசடு எங்ககிட்டயே நிக்கும்.”

“எங்களுக்கு மட்டும் மணக்குமாவே?”

குழுவிடம் போக முடியாது. எந்தக் குழாயைக் காட்டிக் கொடுத்தாலும் இன்னொன்றும் சேர்ந்து வெளியே வரும். மூக்கையா தரையில் உட்கார்ந்துவிட்டார். எரித்துத் தொலைத்திருக்கலாம் என்ற நினைப்பு ஒரு நிமிடம் வந்தது. தொட்டி முழுக்கப் புள்ளி கலந்துவிட்ட பிறகு இனி எரித்து என்ன என்று அதுவும் போயிற்று. சொக்கியின் திரி மாதிரியான வால்தான் கண்ணுக்குள் நின்றது.

ஞானாபரணம் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மூணாம் சந்துல ஆரு இருக்கா?”

“யாரோ இருக்காங்க.”

“எனக்கு அங்க ஆரையும் தெரியாது.”

“எனக்கும் தெரியாது,” என்றார் மூக்கையா.

அதற்குமேல் பேச வேண்டியிருக்கவில்லை. இரண்டு குழாயையும் ஒன்றாக்கி, மூன்றாம் சந்துத் தொட்டிக்கு நீட்டினார்கள். பற்றவைக்கச் சூடு வேண்டும். இரண்டு வீட்டின் பங்கையும் அதிலே போட்டார்கள். வேலை முடிகிறவரை இருவரும் பனித்தண்ணீரில் குளித்தார்கள், ஆறிய தோசையைத் தின்றார்கள், கம்பளியைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டக் கிட்டப் பேசினார்கள். ஒரு பல்லியின் எச்சத்தைப் பல வருஷம் எரிக்கப் போதுமான சூடு அது. அப்படி யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வேலை ஓடின நேரத்தில் இரண்டு பேரும் சிநேகிதமாகிவிட்டார்கள். மேல் குழாயின் மூட்டை எப்படி வைத்தார் என்று ஞானாபரணம் மூக்கையாவுக்குச் சொல்லிக்கூடக் கொடுத்தார்.

கசடு போய்த் தொட்டி தெளிந்தது. பாச்சை வயிற்றில் நீலம் குறைந்து, பிறகு காணாமல் போயிற்று. மூக்கையா தாளை மாற்றுவதை நிறுத்தவில்லை, மருந்தை நிறுத்தவில்லை. சொக்கி முதலில் ஒரு பாச்சை தின்றது. அப்புறம் இடுக்கியையே கடித்தது. வால் அடியில் சதை பிடித்தது. ஒருநாள் விடியல் மணியோடு சேர்ந்து ‘ச்ச்ச்’ என்று கொட்டியது. மூக்கையா அன்று பேசாமல் இரண்டு தோசை கூடுதலாகத் தின்றார்.

மூன்றாவது சோதனைக்கு ஜெய்தூன் தனியாக வந்தார். கண்ணாடியில் தேய்த்து, நெடுநேரம் பார்த்தார். இன்னொரு துளி எடுத்து அதையும் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லை. சுத்தமா இருக்கு. குழுவுக்குச் சொல்லிடுறேன். சூளை கிடையாது.”

மூக்கையா கழுவி வைத்திருந்த இடுக்கியை எடுத்து இன்னொரு முறை கழுவினார்.

ஜெய்தூன் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து பெட்டியின் பக்கத்தில் வைத்தார். உள்ளே மடித்த தோசை ஒன்று இருந்தது. ஆகாய நீலம்.

“எங்க வீட்டுது.”

“வீடு எங்க?”

“மூணாம் சந்து.”

மூக்கையா தோசையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். “நீலம் கண்ணுக்கு நல்லதுன்னு குழுவுல…”

“அந்த நீலத்தைக் கலந்தது நான்தாங்க ஐயா.”

சொக்கி பெட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

“எரிக்கலை,” என்றார் மூக்கையா.

‘ச்ச்ச்’ என்றது சொக்கி.

ஜெய்தூன் நெற்றியைத் தடவிக்கொண்டார். “குழுவுல சொல்லணும். சொன்னா எல்லாச் சந்துலயும் தோண்டிப் பாப்பாங்க. தொட்டியை எல்லாம் கொதிக்க வைக்கணும்பாங்க. அதுக்கு எல்லார் வீட்டுச் சூட்டையும் பிடுங்குவாங்க. அதுவரைக்கும் மாவும் கிடையாது. எங்க வீட்டுல கைக்குழந்தை இருக்கு.”

“ஆமா. குளுரும்.”

“எங்க மாமியார் வேற, பல்லி பேண்டதையா நான் திங்கிறேன்னு கேட்டுட்டாங்க. கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் படுத்திருக்காங்க.”

டப்பாவை மூடினார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். துப்புரவி சாக்கை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றது. குரலைத் தாழ்த்தினார்.

“குழாய் வேலை நீங்க நல்லாப் பண்ணுவீங்களாமே.”

மூக்கையா தலையைத் தூக்கினார்.

“நாலாம் சந்துல யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“யாரோ இருக்காங்க.”

“எனக்கும் அங்க யாரையும் தெரியாது ஐயா,” என்றார் ஜெய்தூன்.

படிச்சவங்களும் நம்மள மாதிரித்தான் என்று மூக்கையாவுக்குத் தோன்றியது. அந்தம்மா மேல் போயிருந்த மதிப்பு முழுசாகத் திரும்பி வந்தது. கட்டிலுக்கடியிலிருந்து குழாய்ச் சாவிகளை இழுத்துத் துணியில் சுற்றினார். ஞானாபரணத்தையும் கூட்டிக்கொள்ளலாம், மூட்டு வைக்க அவர்தான் சரி என்று மனதுக்குள் கணக்குப் போட்டார்.

“கவலப்படாதீங்க டாக்டரம்மா. இதோட முடிஞ்சிரும். நாலுக்கு அப்புறம் யாரும் இல்ல.”

சொல்லிவிட்டு, வழக்கம்போலச் சொக்கியைப் பார்த்தார்.

சொக்கி கொட்டவில்லை. பெட்டியின் பின்கண்ணாடியில் நாலு காலையும் பரப்பி ஒட்டிக்கொண்டு, வீட்டின் பின்சுவரையே பார்த்திருந்தது. கதவு வைக்காத சுவர் அது. அதற்குள்ளிருந்து கர்ர் என்று ஏதோ குடைகிற சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அந்த அதிர்வில் சுவரின் மேலிருந்து பொடி உதிர்ந்து, பெட்டியில் அன்று காலை விரித்த புதுத் தாளின் மேல் விழுந்தது.

“என்ன ஐயா சத்தம்?”

“எனக்கென்ன தெரியும்,” என்றார் மூக்கையா, தாளைத் தட்டி விட்டுக்கொண்டே. “அந்தப் பக்கம் யாரோ.”